ஷாக்வேவ் சிகிச்சைக்கு முற்பணம் கட்டுமுன் இதை வாசித்துவிடுங்கள்

அம்மா இருபத்திரண்டு வருடமாக இடியப்பம் அவித்து திருகோணமலை உப்புவெளியில் மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு உரலைப் பிடித்தால் ஆறரைக்குத்தான் விடுவார். சென்ற மார்கழியில் அவருடைய வலது தோள் வேலை செய்ய மறுத்துவிட்டது. கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் துடித்து எழுந்துவிடுவார். எக்ஸ்ரேயில், தோள்மூட்டுத் தசைநாணில் கல்சியம் படிந்து சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போலத் தெரிந்தது. வைத்தியர் பயிற்சிகள் எழுதிக் கொடுத்தார். சரிவராவிட்டால் ஷாக்வேவ், அதாவது அதிர்ச்சி அலையைத் தோல் வழியே உள்ளே செலுத்தும் சிகிச்சை, பற்றி யோசிக்கலாம், ஆனால் முதலில் என்னிடம் வாருங்கள் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிழை எங்கள் பக்கத்திலும் இருக்கிறது.

நகரத்துக்குள் இருக்கும் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தின் துண்டுப்பிரசுரம் கடைக்காரர் ஒருவர் மூலம் வந்து சேர்ந்தது. ‘மின்காந்த ஃபோகஸ் ஷாக்வேவ், சிறுநீரகக் கல்லையே உடைக்கும் அலை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு தடவைக்கு 8,000 ரூபாய், ஆறு தடவைக்கு 48,000, முழுவதும் முற்பணம். அம்மா எந்தக் கணக்கையும் இடியப்பத்தில்தான் போடுவார். நாலாயிரத்து எண்ணூறு இடியப்பம் என்று ஆட்டோவில் ஏறும்போது சொன்னார். கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்று வெந்நீரையும் தோளில் ஊற்றிவிட்டு வா என்று மாமி சொன்னதை அன்று சிரித்துத் தள்ளினேன். அது ஆட்டோக் காசோடு போயிருக்கும்.

முதல் இரண்டு தடவையும் நான் வெளியே இருந்தேன். மூன்றாவது தடவை உள்ளே போனேன். ஒரு தம்பி தோளில் ஜெல் பூசி, கைத்துப்பாக்கி போன்ற கருவியை வைத்து, டக் டக் டக் என்று தோள் முழுவதும் ஓட்டினார். கல்சியம் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்கவில்லை. எக்ஸ்ரே உறையை நான் நீட்டியபோது, அது தேவையில்லை அண்ணா என்றார்.

மடத்தடிப் பக்கம் மோட்டார் வைண்டிங் செய்து பிழைப்பவன் நான். அந்தச் சத்தம் எங்கேயோ கேட்ட சத்தமாக இருந்தது. பாதியில் கருவி சூடேறிவிட்டது. தம்பி முன்முனையைக் கழற்றினார். உள்ளேயிருந்து சுண்டுவிரல் அளவு இரும்புக் குண்டு ஒன்று அவர் உள்ளங்கையில் வழுக்கி விழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன், செப்புச் சுருள். வீட்டு வாசலில் டிங் டோங் அடிக்கும் மணிக்குள் இருக்கும் அதே ஏற்பாடு. மின்சாரம் பாய்ந்தால் சுருள் குண்டைத் தள்ளும், குண்டு முனையில் மோதும், முனை தோலைத் தட்டும். மின்காந்தம் என்று அவர்கள் போட்டது பொய் இல்லை. ஆனால் என் கடையில் பழுதுக்கு வரும் தண்ணீர்ப் பம்பும் மின்காந்தம்தான்.

அன்றிரவு தொடங்கி ஒரு கிழமை இதைப் பற்றித் தேடி வாசித்தேன், கொழும்பில் இயன் மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இருக்கும் மச்சாளிடமும் கேட்டேன். ஷாக்வேவ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகள் விற்பனையாகின்றன.

ஒன்று ஃபோகஸ் வகை. தீப்பொறியாலோ, சுருளும் உலோகத் தகடும் கொண்டோ, மின்சாரம் கொடுத்தால் விரிந்து சுருங்கும் அழுத்தமின் படிகங்களாலோ அலையை உண்டாக்கி, உடலுக்குள் ஓர் ஆழத்தில் குவியச் செய்வார்கள். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவிப்பது போல. தோலில் மெதுவாக இருக்கும், குறித்த இடத்தில் பலமாக விழும். உண்மையான மின்காந்தக் கருவியில் சுருள் தகட்டைத்தான் அதிரச் செய்யும், குண்டு எதுவும் பறக்காது. 1980 இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு மனிதரின் சிறுநீரகக் கல்லை உடைத்தது இந்த வகையின் முன்னோடிதான்.

மற்றது ரேடியல். காற்றழுத்தத்தாலோ சுருளாலோ ஒரு குண்டை விட்டு முனையில் மோதச் செய்வது. அழுத்தம் தோலில்தான் மிக அதிகம். உள்ளே போகப் போகப் பரந்து தேய்ந்து, மூன்று நான்கு சென்ரிமீற்றரில் ஓய்ந்துவிடும். பௌதிகக் கணக்கில் இதை அதிர்ச்சி அலை என்றே சொல்ல முடியாது, அழுத்த அலைதான். நல்ல காற்றழுத்தக் கருவிகளின் திரையில் ‘பார்’ என்ற அளவு இருக்கும். ஃபோகஸ் கருவியில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு இத்தனை மில்லிஜூல் என்று இருக்கும். அம்மாவின் தோளில் வைத்த கருவியின் திரையில் இரண்டும் இல்லை, தட்டின் எண்ணிக்கை மட்டும் ஓடியது.

ரேடியலைக் குறைசொல்ல வரவில்லை. குதிக்கால் நோ, முழங்கை நோ போன்ற மேலோட்டமான இடங்களுக்கு அதைத்தான் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் தபால் கொண்டு வருபவரின் குதிக்கால் அதில்தான் தேறியது, அதுவும் கிழமைக்கு ஒன்றாக மூன்றே தடவையில். தோளில் படிந்த கல்சியத்துக்கு அதிகம் ஆராய்ந்து பார்த்தது ஃபோகஸ் வகையை. பாரையென்று விலை வாங்கிக்கொண்டு சாளையை நிறுத்துக் கொடுத்தால் மீன் சந்தையில் விடுவார்களா? சாளையும் நல்ல மீன்தான்.

ஆனால் என்னைக் கொதிக்க வைத்தது இதுவும் அல்ல. மூன்றாம் தடவைக்கு மறுநாள் அம்மாவின் தோளிலிருந்து முழங்கை வரை கத்தரிக்காய் நிறத்தில் கண்டிப்போனது. அம்மா இதய வால்வு மாற்றியவர், இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் குளிசை போடுகிறவர். எந்தக் குளிசை போடுகிறீர்கள் என்று அங்கே மூன்று தடவையும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்படி மருந்து எடுப்பவரா, கர்ப்பிணியா, அந்த இடத்தில் புற்றுநோய்க் கட்டி உள்ளவரா என்று எல்லோரிடமும் கருவியைத் தொடுமுன்பே கேட்டாக வேண்டும். வைத்தியரிடம் ஓடினோம். இரத்தப் பரிசோதனை செய்து, எக்ஸ்ரேயை மீண்டும் பார்த்து, இதனால்தானே என்னிடம் வரச் சொன்னேன் என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மிச்சக் காசைக் கேட்கப் போனேன். மூன்று தடவை பாக்கி இருக்கிறது, அதை அம்மாவின் முழங்காலுக்குச் செய்துவிடலாம் என்றார்கள். எந்த வகைக் கருவி, என்ன மாதிரி, ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவு இருக்கிறதா, கருவியைப் பிடித்த தம்பி பதிவு பெற்ற இயன் மருத்துவரா என்று கேட்டேன். பொறுப்பாளர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த நாளும் வெளியூர்தான். வாசலில் நின்ற மான் ஒன்று அந்தத் துண்டுப்பிரசுரத்தை மென்றுகொண்டிருந்தது. நம் ஊர் மான்கள் எதையும் தின்னும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம் என்று பற்றுச்சீட்டை எடுத்து விரித்தேன். ‘தெரபி - 6’ என்று எழுதியிருந்தது. ஷாக்வேவ் என்ற சொல்லும் இல்லை, ஃபோகஸ் என்ற சொல்லும் இல்லை. நீங்கள் காசு கொடுக்கும்போது சிகிச்சையின் வகையையும் கருவியின் பெயரையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நான் அந்தச் சீட்டோடு துண்டுப்பிரசுரத்தின் இன்னொரு பிரதியையும், அம்மாவின் கண்டிப்போன கையை எடுத்த படங்களையும் சேர்த்து முறைப்பாடு எழுதிவிட்டேன்.

கல்சியம் காலப்போக்கில் தானாகவும் கரையக்கூடும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அம்மா இப்போது சுவரில் விரல்களை ஏற்றி இறக்கும் பயிற்சி செய்கிறார். காலையில் உரலைப் பிடிப்பது நான். கடைக்காரர்கள் இடியப்பம் தடித்துவிட்டது என்கிறார்கள்.