பள்ளிக்கரணை விளிம்பில் குடியிருப்பு: நான்கு வழிகளும் அவை தண்ணீரை அனுப்பும் இடங்களும்

சேலையூர், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், வேளச்சேரி எனத் தென்சென்னையின் ஏரிகள் நிறைந்து கலங்கல் வழியும்போது, அந்தத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் பள்ளிக்கரணைக் கழுவெளி என்ற சதுப்புநிலம். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை இங்கே கூடுகிறது. அது வெளியேறுவதற்கு உள்ள முதன்மையான வழி ஒக்கியம் மடுவு ஒன்றுதான். மடுவு பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது, கால்வாய் தெற்கே ஓடி முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. ஒரு காலத்தில் 50 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்ததாகக் கணிக்கப்படும் இந்தச் சதுப்பு, குப்பைமேடும் சாலைகளும் அலுவலகக் கட்டடங்களும் தின்றது போக, இன்று அதில் சிறு பங்காக எஞ்சியிருக்கிறது. 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, 2022-இல் 1,247.54 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள நிலத்தில்தான் இப்போதைய வழக்குகளின் மையம் இருக்கிறது. ராம்சார் பரப்புக்குள்ளும் அதை ஒட்டியும் பட்டா நிலங்கள் இருக்கின்றன. அவற்றில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டத் திட்டங்கள் வருகின்றன. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பின் செல்வாக்கு மண்டலம், அதாவது சதுப்பின் நிலையைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி, அறிவியல் முறையில் வரையறுக்கப்படும்வரை ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் புதிய கட்டுமான அனுமதி வழங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அடுத்த மாத இறுதியில், பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய குடியிருப்புத் திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நீதிமன்றங்களின் முடிவு எதுவாக இருப்பினும், அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்களின் கேள்வி தனியாக நிற்கிறது: அந்த நிலத்தில் இதுவரை நின்ற தண்ணீர் இனி எங்கே போய் நிற்கும்?

இக்கேள்விக்குக் கட்டுமானத் தரப்பும் அரசுத் துறைகளும் குடியிருப்போர் சங்கங்களும் முன்வைக்கும் விடைகள் பெரும்பாலும் நான்கு வழிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றை அழகையோ விலையையோ கொண்டு ஒப்பிடுவதில் பயனில்லை. சதுப்பு நிரம்பி நிற்கும் நாளில் அந்த வழி வேலை செய்யுமா, பத்தாண்டு கழித்து அதை யார் பராமரிப்பார்கள், தண்ணீரின் சுமை யார் தலையில் விழும் என்ற மூன்றையும் வைத்தே அளக்க வேண்டும்.

மண் கொட்டி மேடாக்கி, ஓரத்தில் வடிகால் அமைப்பது

இதுதான் வழக்கமாக நடப்பது. லாரி லாரியாகக் கிராவலும் கட்டட இடிபாடும் கொட்டி, மனையைச் சாலை மட்டத்துக்கு மேல் உயர்த்தி, சுற்றிலும் கான்கிரீட் வடிகால் கட்டி, அதன் வாயைச் சதுப்பில் அல்லது அருகிலுள்ள கால்வாயில் திறந்துவிடுகிறார்கள். வரைபடத்தில் பார்க்கும்போது குறை எதுவும் தெரியாது.

பத்து ஏக்கர் நிலத்தை ஒரு மீட்டர் உயர்த்தினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து ஏக்கர் என்பது சுமார் 40,470 சதுர மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் நிரப்பினால், வெள்ளக் காலத்தில் அங்கே நின்றிருக்கக்கூடிய நான்கு கோடி லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் இடம்பெயர்கிறது. 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரியில் ஏற்றினால் ஏறத்தாழ 3,370 லாரிகள் நிரம்பும். வெள்ளம் வரும்போது அந்தத் தண்ணீர் மேடான மனையைச் சுற்றிக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு முன் பழைய மட்டத்தில் கட்டப்பட்ட தெருக்களில் ஏறுகிறது. சாலையை மறுபடி மறுபடி உயர்த்திப் போட்டதால் வாசலிலிருந்து வீட்டுக்குள் இரண்டு படி இறங்க வேண்டியிருக்கும் வீடுகள் இந்தப் பகுதியில் அரிதல்ல. புதிய மேட்டின் முதல் விலையை அவைதான் கொடுக்கின்றன.

வடிகால் இதைச் சரிசெய்யும் என்பது இந்த வழியை ஆதரிப்பவர்களின் வாதம். வடிகாலில் தண்ணீர் ஓடுவது சரிவினால்தான். சதுப்பின் தரை கடல் மட்டத்தைவிட அதிக உயரத்தில் இல்லை. அதன் நீர்மட்டம் ஏறிவிட்டால், வடிகாலின் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடுகிறது. அப்போது மழைநீர் வெளியேறுவதற்குப் பதிலாக, சதுப்புத் தண்ணீர் வடிகால் வழியாகப் பின்னேறி, சாலையோர மூடிகளின் துளைகளில் குமிழியிட்டு வெளிவருவதைக் காணலாம். முகத்துவாரத்தில் கடலேற்றம் இருக்கும் நேரத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய நாளில் வடிகாலின் அகலத்தைக் கூட்டுவதால் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம், ஏனெனில் தடை வடிகாலில் இல்லை, அது போய்ச் சேரும் இடத்தின் மட்டத்தில் இருக்கிறது. சாதாரணமான ஐந்து சென்டிமீட்டர் மழைக்கு, சதுப்பு தாழ்ந்திருக்கும் அக்டோபர் தொடக்கத்தில், இந்த வடிகால் நன்றாகவே வேலை செய்யும். அதைக் காட்டித்தான் விற்பனையும் நடக்கிறது.

தூண்கள் மேல் கட்டி, வளாகத்துக்குள்ளேயே தண்ணீரைத் தேக்குவது

இது முதல் வழியைவிட மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. நிலத்தை உயர்த்தாமல், தரைத்தளத்தைத் திறந்தவெளியாக விட்டு, தூண்களின் மேல் வீடுகளை எழுப்பினால், வெள்ளநீர் அடியில் புகுந்து நிற்க இடம் இருக்கும். கூடவே வளாகத்துக்குள் ஒரு குளமும் நிலத்தடித் தொட்டிகளும் அமைத்து, கூரையில் விழும் மழையைப் பிடித்துவைத்து, வெள்ளம் வடிந்த பின் மெதுவாக வெளியேற்றலாம். நல்ல வடிவமைப்பாளர்கள் இதை உண்மையான அக்கறையோடு முன்வைக்கிறார்கள்.

ஆயினும் கணக்கு இடிக்கிறது. தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து விழுக்காடு நிலம் திறந்தவெளி ஒதுக்கீடாக விடப்பட வேண்டும். மேற்சொன்ன பத்து ஏக்கரில் அது ஒரு ஏக்கர். அந்த ஒரு ஏக்கர் முழுவதையும் இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிக் குளமாக்கினாலும் அது கொள்வது சுமார் 81 லட்சம் லிட்டர்தான். வளாகம் முழுவதும் ஒரு மீட்டர் மேடாக்கப்பட்டிருந்தால் இடம்பெயர்ந்திருக்கும் தண்ணீரில் இது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே மண் கொட்டுவதையும் குளம் வெட்டுவதையும் ஒரே திட்டத்தில் சேர்த்துவிட்டு ஒன்றுக்கொன்று ஈடாகிவிட்டது என்று சொல்வது பொருந்தாது. இந்த இரண்டு மீட்டர் ஆழமும்கூடக் காகிதத்தில் உள்ளதே. நவம்பரில் சதுப்போரம் நிலத்தடி நீர் தரைக்கு அருகிலேயே நிற்பதால், மழை தொடங்கும்போதே குளம் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். காலியான நிலத்தடித் தொட்டியைச் சுற்றியுள்ள நீர் மேல்நோக்கித் தள்ளும். அதைத் தாங்கும்படி கனமாகக் கட்டவில்லையென்றால் தொட்டி விரிசல் காணும். களிமண் தரையில் மழைநீர் உறிஞ்சுக்குழிகள் பெயரளவுக்கே பயன்படும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து மணல்மேடுகளில் அதே குழி அருமையாக உறிஞ்சும். கோவளம் வடிநிலத்துக்கான மழைநீர் வடிகால் திட்டத்தில் அங்கே கான்கிரீட் வடிகால் வேண்டாம் என்று மக்கள் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றதற்குக் காரணமும் அந்த மணல்தான். சில கிலோமீட்டர் இடைவெளியில் மண் மாறுகிறது, அதோடு சரியான வழியும் மாறுகிறது.

பராமரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். திறந்தவெளியாக விடப்பட்ட தரைத்தளம் சில ஆண்டுகளில் கார் நிறுத்துமிடமாகிறது. பிறகு காவலர் அறை, ஜெனரேட்டர் அறை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அறை, கடைசியில் நான்கு பக்கமும் மதில் என்று ஆகிவிடுகிறது. மதில் எழும்பிவிட்டால் தூண்களுக்கு அடியில் இருந்த வழி அடைபட்டுவிடும், முதல் வழிக்கும் இதற்கும் வேறுபாடு மிஞ்சாது. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், மதில் கிடையாது, தரைத்தளத்தில் அறைகள் கிடையாது என்பதை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதி வாங்குவோரைக் கட்டுப்படுத்த வேண்டும்.

பெரிய கால்வாய்

ஒக்கியம் மடுவை அகலப்படுத்துவது, பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாருவது, கடலுக்கு நேராகப் புதிய வழி வெட்டுவது ஆகியவை பல ஆண்டுகளாகப் பேசப்படுகின்றன. தூர்வாருவதும் மடுவின் குறுக்கே உள்ள அடைப்புகளை நீக்குவதும் எந்தத் திட்டம் வந்தாலும் வராவிட்டாலும் செய்ய வேண்டியவை. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் அதை ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு நியாயமாகக் காட்டுவது வேறு. கால்வாய் பொதுப்பணத்தில் வரும். எப்போது முடியும் என்று எவரும் உறுதி தர இயலாது. வீடுகளோ மூன்று நான்கு ஆண்டுகளில் எழும்பிவிடும். இடைப்பட்ட ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையையும் பழைய தெருக்கள் தாங்க வேண்டும். மேலும், தண்ணீரை மிக வேகமாகக் கடலுக்கு அனுப்பிவிடும் வழி கோடையில் நம்மையே வருத்தும். பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிகள் பல ஆண்டின் பெரும்பகுதி லாரித் தண்ணீரில் வாழ்கின்றன. சதுப்பு தேக்கிவைக்கும் நன்னீர் நிலத்தடியில் உப்புநீர் ஏறாமல் தடுத்து நிற்கிறது.

நிலத்தைத் தாழ்வாகவே விட்டுவிடுவது

நான்காவது வழி, அந்த நிலத்தில் கட்டாமலிருப்பது. கூழைக்கடாவும் பூநாரையும் வந்திறங்கும் இடம் என்பதால் மட்டும் இதை நான் முன்வைக்கவில்லை. அதுவே போதுமான காரணம் என்று கருதுபவர்களோடு எனக்கு மாறுபாடும் இல்லை. மேலே சொன்ன மூன்று அளவுகோல்களிலும் தேறுவது இது ஒன்றுதான். சதுப்பு நிரம்பும் நாளில் இதுவும் சேர்ந்து நிரம்பித் தண்ணீரைத் தாங்குகிறது; குப்பையும் இடிபாடும் கொட்டாமல் பார்த்துக்கொள்வதற்கு மேல் பராமரிப்பு தேவையில்லை; சுமை அக்கம்பக்கத்தார் மேல் விழுவதில்லை. 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளும் ஈரநிலத்தைப் பிற பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடுக்கின்றன. சராசரி உச்ச வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதையும் அவை அனுமதிப்பதில்லை.

சுமை விழுவது பட்டாதாரர் மேல். முறையாகப் பத்திரம் பதிந்து, வரி கட்டி வந்தவரிடம் திடீரென்று ஒரு கோட்டைக் காட்டி உன் நிலம் இனி பயன்படாது என்று சொல்வது நியாயமாகாது. அவருக்கு ஈடு தர வேண்டும். நிலத்தை அரசே வாங்கலாம். அல்லது மாநிலத்தின் 2019 கட்டட விதிகளில் ஏற்கெனவே இருக்கும் மேம்பாட்டு உரிமை மாற்றத்தைப் பயன்படுத்தி, இங்கே கட்ட முடியாத பரப்பை மேடான வேறோர் இடத்தில் கட்ட உரிமை தரலாம். இதற்குச் செலவாகும், காலதாமதமும் ஆகும். மாற்றிடம் எது என்பதிலும் கவனம் தேவை: கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபின் வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கம் வீட்டுத் தேவை நகர்கிறது, ஆனால் அங்கேயும் அடையாற்றுக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் இருக்கின்றன, எல்லா மனையும் மேடல்ல.

வீடு வேண்டும் என்பவர்களின் தேவையும் உண்மையானது. அதே சமயம், பெரும்பாக்கத்தில் அரசே 20,000-க்கும் மேற்பட்ட மறுகுடியமர்வு வீடுகளைக் கட்டி, கூவக்கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் ஏழை மக்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. அவர்கள் இங்கே வருவதைத் தாங்களாகத் தேர்ந்தெடுக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பகுதியில் மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. புதிதாக மேடாக்கப்படும் ஒவ்வொரு ஏக்கரும் அங்கிருந்து வெளியேற வசதியில்லாதவர்களின் தரைத்தளத்துக்குத்தான் தண்ணீரை அனுப்புகிறது. என் கணிப்பில் நான்காவது வழிக்கு ஆகும் செலவை நியாயப்படுத்த இது ஒன்றே போதும். ராம்சார் எல்லைக்குள் அதைத் தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது. எல்லைக்கு வெளியே, வெள்ளம் தொடும் மனைகளில், மண் நிரப்பாத இரண்டாவது வழியைக் கண்டிப்பான நிபந்தனைகளோடு ஏற்கலாம்.

ஆட்சேபம் எழுதும் குடியிருப்போர் சங்கங்கள் பொதுவான அச்சத்தை எழுதுவதோடு நிறுத்திவிடுவதால்தான் அவை எளிதில் ஒதுக்கப்படுகின்றன. கிராமத்தின் நிலங்களைப் பட்டியலிடும் வருவாய்த்துறை ஆவணமான அ-பதிவேட்டில் அந்தப் புல எண் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதையும், புல வரைபடத்தில் வாய்க்கால் எதுவும் குறுக்கே செல்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். பிறகு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் நீர்வளத்துறையிடமும் கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்ட நான்கு உயரங்களை எழுத்தில் கேட்க வேண்டும்: மனையின் இப்போதைய தரைமட்டம், நிரப்பிய பின் வரப்போகும் மட்டம், வடிகால் வாயின் அடிமட்டம், 2015-இலும் 2023-இலும் சதுப்பில் பதிவான உச்ச நீர்மட்டம். மூன்றாவது எண் நான்காவதைவிடச் சிறியதாக இருந்தால், அந்த வடிகாலின் வாய் தேவைப்படும் நாளில் தண்ணீருக்குள் இருக்கும், தடையின்றி ஓடாது என்பதைத் திட்டத்தின் ஆவணமே ஒப்புக்கொண்டதாகும்.