லண்டன் டியூப், பஸ்: முதல்முறை தனியே போகிறவர்களுக்கு ஓய்ஸ்டரா, வங்கிக் கார்டா?

லண்டனுக்கு முதன்முதலாகத் தனியே கிளம்பும் இளைஞர்கள் ஊரிலேயே பாஸ் வாங்கிவைக்கப் பார்ப்பார்கள். அவசியமே இல்லை. கையில் உள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டில் காண்டாக்ட்லெஸ் வசதி இருந்தால், டியூப் எனப்படும் சுரங்க ரயிலின் ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் வட்ட ரீடரில் அதை டேப் செய்துவிட்டு உள்ளே போகலாம். ஓய்ஸ்டர் கார்டில் (முன்கூட்டியே பணம் போட்டுவைத்து டேப் செய்யும் லண்டன் பயண அட்டை) வயதுவந்தவருக்கு என்ன கட்டணமோ, அதேதான் இதிலும். கவுண்டரில் வரிசையில் நிற்க வேண்டாம், எந்த டிக்கெட் என்று யோசித்துக் குழம்பவும் வேண்டாம். ஐரோப்பியத் தலைநகரங்களில் புதிதாக வருகிறவருக்கு இவ்வளவு எளிதாக வழிவிடும் ஊர்கள் குறைவு. ஆனால் இதற்கென்று சில விதிகள் உண்டு. அவை தெரியாவிட்டால் காசு வீணாகும்.

இதன் அழகு தினசரி உச்சவரம்பில் இருக்கிறது. கட்டணத்துக்காக நகரை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், நடுவில் இருப்பது மண்டலம் 1. 2025 மார்ச் கட்டணப்படி, அதற்குள் டியூபில் ஒருமுறை போக நெரிசல் நேரத்தில் 2.90 பவுண்ட், மற்ற நேரத்தில் 2.80. மண்டலம் 1, 2க்குள் ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அந்தக் கட்டணப்படி 8.90 பவுண்டுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். நான்காவது பயணத்திலேயே அந்த வரம்பு தொட்டுவிடும், அதன்பின் இலவசம். திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வார வரம்பு அப்போது 44.70. ஆகவே வியாழனில் வந்து அடுத்த புதனில் கிளம்புகிறவருக்கு வார வரம்பால் பெரிய லாபமில்லை, திங்களில் வருகிறவருக்கு உண்டு. ‘நாள்’ என்பது அதிகாலை 4.30க்குத் தொடங்கி மறுநாள் 4.29 வரை. இரவு 1 மணிக்கு விடுதி திரும்பும் பஸ்ஸும் முந்தைய நாள் கணக்கில்தான் சேரும்.

நெரிசல் நேரம் வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும். தூரமாகப் போகும்போது இந்த வித்தியாசம் கவனிக்கத்தக்கது. மத்திய லண்டனுக்குள் சுற்றும்போது பத்து பென்ஸுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

தொல்லை தொடங்குவது வெளியேறும் இடத்தில். டியூபிலும் ரயிலிலும் ஏறும்போது டேப், இறங்கும்போதும் டேப். கேட் உள்ள ஸ்டேஷனில் மறக்கவே முடியாது, கதவு திறக்காது. கிழக்கு லண்டன் பக்கம் ஓடும் டிஎல்ஆர் என்ற இலகு ரயிலின் பெரும்பாலான ஸ்டேஷன்களில் கேட் இல்லை. கிரீனிச் பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் கட்டி சார்க் ஸ்டேஷன் நல்ல உதாரணம்: கூட்டம் நேராக எஸ்கலேட்டரை நோக்கி நகரும், ரீடர் ஒரு கம்பத்தில் ஓரமாக நிற்கும், யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே டேப் செய்யாமல் வெளியே போனால் எங்கே இறங்கினீர்கள் என்று கணினிக்குத் தெரியாது, அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடும். இந்தத் தொகை தினசரி வரம்புக்குள்ளும் அடங்காது. நகரப் போக்குவரத்துத் துறையின் தளத்தில் கணக்குத் தொடங்கி கார்டைச் சேர்த்துவைத்தால், முடிவுறாத பயணம் என்று அங்கே தெரியும், திருத்தக் கேட்கலாம். ஊர் திரும்பிய பிறகு பார்ப்போம் என்று விடாமல் அன்றன்றே பார்ப்பது நல்லது.

இன்னொன்று, பிளாஸ்டிக் கார்டும் அதே கார்டை ஏற்றிய கைப்பேசியும் கணினிக்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள் மாதிரி. போனில் ஏறி, கார்டில் இறங்கினால் இரண்டுமே அரைகுறைப் பயணங்கள். இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம். காலையில் எதில் தொடங்கினீர்களோ இரவு வரை அதிலேயே போங்கள். வழியில் போன் சார்ஜ் தீர்ந்தால் வெளியே வர முடியாமல் போவதோடு, பரிசோதகரிடம் மாட்டினால் 100 பவுண்ட் அபராதம், 21 நாளுக்குள் கட்டினால் 50. பகலெல்லாம் மேப் பார்க்கும் போனைவிட பிளாஸ்டிக் கார்டே நம்பகமானது.

அப்படியானால் ஓய்ஸ்டர் எதற்கு? தனியே போகிறவருக்கு ஒரு வலுவான காரணம் உண்டு. ஒரே ஒரு வங்கிக் கார்டை நாளுக்குப் பத்து முறை கூட்டத்தில் வெளியே எடுத்து, அது தொலைந்தால் கடன் கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஓய்ஸ்டர் தொலைந்தால் போவது அதில் போட்ட சில பவுண்டுகள் மட்டும். கார்டுக்கான கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பது குறைதான். இரண்டாவது வங்கிக் கார்டு இருப்பவர் அந்தச் செலவைத் தவிர்க்கலாம். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு உங்கள் வங்கி எவ்வளவு பிடிக்கிறது என்பதையும் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.

30 வயது வரை உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 16-25, 26-30 வயதினருக்கான ரயில்கார்டுகளை (பிரிட்டன் ரயில்களில் தள்ளுபடி தரும் அட்டை) ஸ்டேஷன் ஊழியரிடம் காட்டி ஓய்ஸ்டரில் இணைத்தால், நெரிசலற்ற நேர டியூப், ரயில் கட்டணத்திலும் அந்நேர தினசரி வரம்பிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். பஸ்ஸுக்குக் கிடையாது, வங்கிக் கார்டில் இணைக்கவும் முடியாது. ரயில்கார்டின் விலை 2025இல் 35 பவுண்ட் ஆனது. நாலு நாள் லண்டனுக்காக மட்டும் வாங்கினால் நஷ்டம். எடின்பரோ, யார்க் என்று தொலைதூர ரயிலும் ஏறும் திட்டம் இருந்தால் அங்கேயே முதல் வந்துவிடும், லண்டன் தள்ளுபடி அதற்கு மேல் கிடைப்பது.

ஹீத்ரோவில் இறங்கியதும் மூன்று ரயில்கள் கூப்பிடும். டியூபின் பிக்காடில்லி லைனில் மண்டலம் 1க்கு 2025 மார்ச் கட்டணப்படி 5.80 பவுண்ட், ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும். எலிசபெத் லைன் வேகம், குளிர்சாதனம் உண்டு, கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பேடிங்டனுக்கு மட்டும் போகும், அதற்குக் கொடுக்கும் பணம் தினசரி வரம்பில் சேராது. தேம்ஸ் படகுக் கட்டணமும் அப்படியே, கார்டை ஏற்பார்கள், வரம்பில் சேர்க்க மாட்டார்கள். பெரிய பெட்டி இல்லாத இளைஞருக்குப் பிக்காடில்லியே போதும்.

பஸ்ஸைப் பலரும் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதில் வருத்தம். ஏறும்போது மட்டும் டேப், இறங்கும்போது வேண்டாம். ஒரு கட்டணம் (2025இல் 1.75 பவுண்ட்) கொடுத்தால் முதல் டேப்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். காசு வாங்குவதை 2014இலேயே நிறுத்திவிட்டார்கள். 24ஆம் எண் பஸ்ஸின் மாடியில் முன் சீட்டைப் பிடித்தால் கேம்டன், ட்ரஃபால்கர் சதுக்கம், நாடாளுமன்றம் எல்லாம் கண்ணெதிரே வரும். நிறுத்தங்களின் கம்பத்து உச்சியில் ஓர் எழுத்து இருக்கும். ஒரே பெயரில் நாலைந்து நிறுத்தங்கள் இருப்பதால், ஆப் சொல்லும் எழுத்தைப் பார்த்து நில்லுங்கள். பஸ் வரும்போது கை காட்டுங்கள்.

டியூப் வரைபடத்தில் தூரம் ஏமாற்றும். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவன்ட் கார்டன் 300 மீட்டர்கூட இல்லை, நடந்தே போய்விடலாம். டியூபில் போய் கோவன்ட் கார்டன் ஸ்டேஷனில் இறங்கி, லிஃப்ட் கூட்டத்துக்குப் பயந்து படியில் ஏறத் தொடங்கினால் 193 படிகள். நம் ஊர்ச் சாப்பாட்டுக்காக ஒரு மாலை ஈஸ்ட் ஹாம் போவீர்கள்தானே, அது மண்டலம் 3, 4 எல்லையில் இருப்பதால் மையத்திலிருந்து போகும்போது 3 என்றே கணக்கு, அன்றைய வரம்பு 2025 மார்ச் கட்டணப்படி 10.50 ஆகும்.

இரவு முழுக்க டியூப் ஓடுவது வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், அதுவும் விக்டோரியா, ஜூபிலி, சென்ட்ரல், நார்தர்ன், பிக்காடில்லி லைன்களின் பெரும்பகுதியில்தான். மற்ற நாட்களில் நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில், அதற்குப் பிறகு ‘என்’ எழுத்தில் தொடங்கும் இரவு பஸ்கள். தனியே போகும் பெண்கள் மாடியில் ஏறாமல் கீழே ஓட்டுநர் அருகே உட்காருவது நல்லது. டியூபிலோ ரயிலிலோ யாராவது தொல்லை கொடுத்தால், சத்தம் போடாமலே 61016க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ரயில்வே போலீஸுக்கு நேராகப் போகும். ஆபத்து என்றால் 999.