ஹீட் முள் ஏறாத வண்டி நல்ல வண்டியா? குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்கப்

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர் இரண்டே கேள்விதான் கேட்பார். ஹீட் ஏறுமா, மைலேஜ் எவ்வளவு? இரண்டுக்கும் புரோக்கர் நாக்கு நுனியில் பதில் வைத்திருப்பார். "முள்ளு அசையவே அசையாதுண்ணே. லிட்டருக்குப் பதினெட்டு, கண்ண மூடிட்டு எடுங்க."

என் மச்சான் அப்படித்தான் எடுத்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றும் தொழில். எந்தக் கம்பெனி வண்டி என்பதை விட்டுவிடுகிறேன், தப்பு கம்பெனியுடையது இல்லை. சொன்ன மாதிரியே டேஷ்போர்டில் ஹீட் முள் ஏறவில்லை. அடிமட்டக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, வெயிலிலும் மழையிலும் ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். டேங்க் கணக்கு மட்டும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. இன்ஜெக்டர், பம்ப், ஏர் ஃபில்டர் என்று ஒரு மாதம் அலைந்த பிறகு ஒரு பெரியவர் பட்டறையில் விஷயம் தெரிந்தது. தெர்மோஸ்டாட் வால்வே உள்ளே இல்லை. முன்னாடி வைத்திருந்தவர் எப்போதோ ஹீட் பிரச்சினை வந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டியிருக்கிறார்.

அந்த வால்வு சுமார் 82 டிகிரி வரும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாது. அதற்குள் இன்ஜின் சூடேறிவிடும். வால்வு இல்லாவிட்டால் சாவி போட்ட நிமிஷத்திலிருந்தே தண்ணீர் சுற்றிச் சுற்றிக் குளிரும். குளிர்ந்த இன்ஜினில் டீசல் முழுசாக எரியாது, ஆயில் கெட்டியாகவே இருக்கும், பிஸ்டனும் ரிங்கும் சீக்கிரம் தேயும். முள் இறங்கியே கிடக்கிற வண்டி டீசல் குடிக்கிற வண்டி. புது வால்வு போட்டதும் முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது, லிட்டருக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் கூடியது. இந்த ஒரு விஷயம் முதலிலேயே தெரிந்திருந்தால் குட்டியானை, தோஸ்த், பொலேரோ மூன்றையும் வேறு மாதிரி பார்த்திருப்போம்.

டாடா ஏஸ், நம் ஊர்க் குட்டியானை, 2005இல் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ கிடையாது. முக்கால் டன் ரகம். அசோக் லேலண்ட் தோஸ்த் 2011இல் ஓசூரிலிருந்து வந்தது, அப்போது நிசானோடு கூட்டு. மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர், டர்போவோடு காமன் ரெயில் (டீசலை எலக்ட்ரானிக்காக அளந்து அடிக்கிற முறை), ஒன்றேகால் டன். பொலேரோ பிக்கப்பில் அதிகம் கைமாறுவது நான்கு சிலிண்டர், 2523 சிசி இன்ஜின் வைத்தவை. 1.3 டன், 1.7 டன் என்று பல நீளங்களில் கிடைக்கும்.

முள் ஒரே இடத்தில் நின்றாலும் மூன்றிலும் ஒரே அர்த்தம் இல்லை. இதைச் சமவெளியில் கண்டுபிடிக்க முடியாது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறினால் தெரிந்துவிடும், உச்சி 2,100 மீட்டர். குட்டியானையில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே போனால் பாதி வழி இரண்டாவது கியர்தான். முள் பாதியைத் தாண்டி முக்காலை நெருங்கும். நான் அதற்குப் பயப்பட மாட்டேன். சமமான இடம் வந்து இரண்டு நிமிஷத்தில் முள் திரும்ப இறங்குகிறதா என்றுதான் பார்ப்பேன். இறங்கினால் ரேடியேட்டரும் ஃபேனும் வேலை செய்கின்றன. ஏறின இடத்திலேயே நின்றால் அடைப்பு இருக்கிறது. தோஸ்த்தில் டர்போ இருப்பதால் அதே ஏற்றத்தில் இவ்வளவு திணறல் இருக்காது. முள் கொஞ்சம் நகர்ந்து திரும்பும். பொலேரோவில் பெரிய இன்ஜின், முன்னால் பானெட், காற்று நேராக ரேடியேட்டரில் அடிக்கும். அதில் முள் முக்காலுக்குப் போனாலே எனக்குச் சந்தேகம்தான். குட்டியானைக்குச் சாதாரணமான இடம் பொலேரோவுக்கு எச்சரிக்கை.

கொடைக்கானல் வண்டிகளில் இன்னொரு வேடிக்கை. கேரட், பூண்டு எல்லாம் கீழே வரும்போதுதான் லோடு, மேலே போவது பெரும்பாலும் காலி. இறக்கத்தில் கியரில் பிடித்து வரும்போது இன்ஜினுக்கு டீசலே கிட்டத்தட்டப் போகாது, முள் தானாக இறங்கும். அது கோளாறு இல்லை. அதனால் மலையில் ஓடின வண்டியை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்து "ஹீட்டே இல்லை" என்று வாங்காதீர்கள்.

வால்வு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். காலையில், வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது போங்கள். பொலேரோவில் பானெட்டைத் தூக்குங்கள். மற்ற இரண்டிலும் சீட்டைத் தூக்க வேண்டும், கொஞ்சம் சிரமம். ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டி நின்று, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை விரலால் தொட்டுப் பாருங்கள். நல்ல வண்டியில் ஹோஸ் பல நிமிஷம் ஜில்லென்று இருந்துவிட்டு, ஒரு கட்டத்தில் சட்டென்று சுடும். வால்வு திறந்துவிட்டது என்று அர்த்தம். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால் உள்ளே வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

விளக்குகள் விஷயம் சின்னதுதான். சாவியைத் திருப்பினதும் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாத விளக்கைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், பல்பைக் கழற்றியிருப்பார்கள். தோஸ்த், காமன் ரெயில் பொலேரோ இரண்டிலும் இன்ஜின் விளக்குக்கும் இதே கதைதான். ஆரம்பகாலக் குட்டியானையில் மெக்கானிக்கல் பம்ப் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சரி.

இனி மைலேஜ். டீசல் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் எப்போதும் ஏமாறுகிறார்கள். பல வண்டிகளில் மேல்பாதி மெதுவாக இறங்கும், கீழ்ப்பாதி வேகமாகக் காலியாகும், மலையில் டேங்க் சாய்ந்தால் முள் ஆடும். பங்கில் ஆட்டோ கட் ஆகும்வரை போடுங்கள், முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள், அதே பங்கில் மறுபடி கட் ஆகும்வரை போடுங்கள். 312 கிலோமீட்டருக்கு 21.4 லிட்டர் பிடித்தால் 14.6. கிலோமீட்டர் கணக்கையும் நம்பிவிடக்கூடாது. கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டர் குறைவாகக் காட்டும், மைலேஜும் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். சாலையோரக் கல்லை வைத்துப் பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சரிபார்த்துவிடலாம்.

லோடோடு ஓட்டுகிறவர்கள் என்னிடம் சொல்கிற கணக்கு ஏறக்குறைய இது: குட்டியானை 16, தோஸ்த் 14, பொலேரோ 12. இதைப் பார்த்ததும் எல்லோரும் குட்டியானைப் பக்கம் சாய்வார்கள். ஆனால் லிட்டருக்கு எவ்வளவு சுமை எவ்வளவு தூரம் போனது என்று பெருக்கிப் பாருங்கள். குட்டியானை முக்கால் டன்னை 16 கிலோமீட்டர் தூக்குகிறது, 12 டன் கிலோமீட்டர். தோஸ்த் ஒன்றேகால் டன்னை 14 கிலோமீட்டர், 17.5. ஒன்றரை டன் ஏற்றின பொலேரோ 18. பெரிய இரண்டும் கிட்டத்தட்டச் சமம், குட்டியானை ரொம்பப் பின்னால்.

இந்தக் கணக்கு வண்டி நிறையும்போதுதான் செல்லும். டவுனுக்குள் தண்ணீர் கேன், மளிகை, அரை லோடு, அடிக்கடி நின்று எடுக்கிற வேலை என்றால் நான் யோசிக்காமல் குட்டியானைதான் சொல்வேன். தினமும் ஒரு டன்னுக்கு மேல், சமவெளி ஹைவே என்றால் தோஸ்த். மலையும் மண் ரோடும் இருந்தால் பொலேரோ, டீசல் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை. குட்டியானையில் ஒன்றேகால் டன் ஏற்றிவிட்டு ஹீட் ஏறுகிறது என்று புலம்புகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

மச்சான் இப்போது இரண்டாவது வண்டி பார்க்கிறான். போன வாரம் காலை ஆறரைக்கே ஒரு யார்டுக்குப் போய், பானெட்டைத் தூக்கி, ஹோஸில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். "என்ன தம்பி, நாடி பாக்குறீங்களா?" என்று கேட்டாராம் புரோக்கர். அஞ்சு நிமிஷம் கழித்து ஹோஸ் சுட்டிருக்கிறது. அதற்கப்புறம்தான் விலை பேசவே ஆரம்பித்திருக்கிறான்.