சயாம் மரண ரயில்பாதைக்குப் போன தாத்தாவின் கதையை நூலாக்கக் கொடுக்கும் முன்

இரண்டாம் உலகப் போரில் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட ரயில்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தாத்தாவின் வாழ்க்கையை, 'ஆய்வு, எழுத்து, அச்சு எல்லாம் நாங்களே' என்ற ஒரு நிறுவனத்திடம் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று ஒப்படைத்தது. முழுத் தொகையும் முன்பணம். வந்த நூலை உறவினர்களிடம்கூடக் கொடுக்க முடியவில்லை.

முதல் கேடு, இட்டுக்கட்டிய வரலாறு. 1941 தொடக்கத்திலேயே தாத்தா பாதை போடப் போனாராம். ஜப்பானியர் மலாயாவின் கோத்தாபாருவில் இறங்கியதே 1941 டிசம்பர் 8 அன்றுதான். பாதை வேலை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே இறந்த தம்பிக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் பெயர் பொறித்த கல் இருக்கிறதாம், படத்தோடு ஓர் அத்தியாயம். அது நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறை. செத்த தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குத் தனிக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. 'ஜப்பானியப் பதிவேட்டில் பெயர் கிடைத்தது' என்று யாராவது சொன்னால் காப்பகத்தின் பெயர், கோப்பு எண், பக்கத்தின் நகல் மூன்றையும் கேளுங்கள். தராவிட்டால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். அந்த மனிதர் பட்டது போதும். அவர் படாததையும் அவர் தலையில் ஏற்றுவது அநியாயம்.

காகிதச் சான்று இல்லாத இந்த விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களின் பேச்சுதான் மூல ஆவணம். அத்தையின் ஒலிப்பதிவை இவர்கள் எழுத்தாக்கவே இல்லை. பேசியதைப் பேசியபடியே தட்டச்சு செய்து, ஓரத்தில் நிமிடக் குறிப்புப் போட்டுத் தரச் சொல்லுங்கள்; அதைப் பார்த்த பிறகுதான் முதல் அத்தியாயம். பழைய படங்களின் அசலைக் கொடுக்கவே கூடாது. 600 டிபிஐ துல்லியத்தில் ஸ்கேன் செய்த கோப்பு போதும்.

அடுத்தது ஒப்பந்தம். 'முழுக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும்' பதிப்புரிமை நிறுவனத்துக்கே என்ற வரியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் திருத்திய பதிப்பைக் குடும்பமே போட முடியாது. அந்த வரி இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு: சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருபவருக்கே, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சட்டப்படி முதல் உரிமை. காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுதான் செல்லும். ஆகவே உரிமையை எழுத்தாளரிடமிருந்து உங்கள் பெயருக்கு, காலமும் நாடும் குறித்து, எழுத்தில் வாங்குங்கள். நூலுக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனிக் கட்டணம் வேறு வாங்கியிருக்கிறார்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது, நூலாசிரியரே விண்ணப்பிக்கலாம்.

அச்சிலும் குறை. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் பிரிந்து கிடக்கின்றன. சொன்னது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாள். வந்ததில் பின்பக்க எழுத்து தெரிகிறது. ஒரு மாதிரிப் பிரதியைக் கையில் பார்க்காமல் மொத்த அச்சுக்குச் சம்மதிக்காதீர்கள். கடைசித் தவணையை, பிடிஎஃப் மட்டும் அல்லாமல் பக்க வடிவமைப்பின் திறந்த (திருத்தக்கூடிய) கோப்பும் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பிழை குறித்த பக்கங்கள் ஆகியவற்றோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு.