சாராயத்தில் மெத்தனால்: அகச்சிவப்பா, ராமனா?

சாராயத்தில் போதை தரும் எத்தனாலில், நச்சான மெத்தனால் கலந்திருப்பதை நாக்கும் மூக்கும் காட்டிக்கொடுக்காது. மூலக்கூறின் அதிர்வு காட்டிக்கொடுக்கும். அதை அறிய இரண்டு வழிகள்.

அகச்சிவப்பு முறை, மூலக்கூறு எந்த அலைநீளங்களை விழுங்குகிறது என்று பார்க்கிறது. கருவி பல கல்லூரி ஆய்வகங்களிலேயே உண்டு, ஒரு சொட்டு போதும். தொல்லை தண்ணீர்தான். சாராயத்தில் பெரும்பகுதி அதுவே, அகச்சிவப்பை அது பலமாக உறிஞ்சிக்கொள்கிறது.

ராமன் முறையில் லேசர் பாய்ச்சி, சிதறிவரும் ஒளியின் நிறமாற்றத்தை அளக்கிறோம். 1928இல் கொல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் கண்ட அதே விளைவு! இங்கே தண்ணீரின் குரல் மிக மெல்லியது. நிறமாற்றம் செ.மீ⁻¹ என்ற அலகில் அளக்கப்படுகிறது, ஒவ்வொரு பொருளும் தனக்குரிய இடங்களில் கோடுகளாகத் தெரியும். எத்தனாலின் வலுவான கோடு 880 செ.மீ⁻¹ அருகே, மெத்தனாலுடையது 1030 அருகே. எத்தனாலுக்கு 1050 பக்கம் இன்னொரு கோடும் உண்டு, அது மெத்தனால் கோட்டோடு ஒட்டிவரும், அதனால் எத்தனால், மெத்தனால் கோடுகளின் உயர விகிதத்தை வைத்தே அளவைக் கணக்கிட வேண்டும். கண்ணாடிப் புட்டியைத் திறக்காமலே சோதிக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் சிதறல் மிகப் பலவீனம். நிறமேறிய பானங்களில் ஒளிர்வு எழுந்து கோடுகளை மூழ்கடித்துவிடும்.

களத்தில் சந்தேகப் புட்டிகளைப் பிரித்தெடுக்க நான் ராமனையே எடுப்பேன். மிகச் சிறிய அளவை உறுதிசெய்ய இரண்டும் போதாது, மாதிரியை ஆவியாக்கிப் பொருள்களைத் தனித்தனியே பிரிக்கும் வாயு நிறப்பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள்.