பழைய லேத்துக்கு லேசர் டேகோமீட்டர்: டிடி-2234சி வகைக் கருவி வேலைக்கு ஆகுமா?

பழைய லேத்தை (உலோகம் கடையும் இயந்திரம்) பிரித்துத் துரு எடுத்து, சுழல் தண்டைத் தாங்கும் புஷ் பார்த்து, புது பெல்ட் போட்டு ஓட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். வேலைத்துண்டைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் உண்மையில் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று அளப்பவர்கள் குறைவு. ஸ்பிண்டில் அமர்ந்திருக்கும் ஹெட்ஸ்டாக்கில் அறைந்திருக்கும் வேகத் தகட்டையே நம்பிவிடுகிறார்கள். அந்தத் தகடு, லேத் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த மோட்டாருக்கும் புல்லிக்கும் எழுதியது. பின்னால் வந்த கைகள் இரண்டில் ஒன்றையாவது மாற்றியிருக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த லேத்தில் நிமிடத்துக்கு 1725 சுற்று மோட்டார் இருந்திருக்கும். அதே புல்லிகளோடு 50 ஹெர்ட்ஸில் 1440 சுற்று மோட்டாரைப் பூட்டினால், தகட்டில் உள்ள ஒவ்வொரு வேகமும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இதை அளக்க எளிய கருவி, டிடி-2234சி என்ற எண்ணில் பல பெயர்களில் விற்கும் கையடக்க லேசர் டேகோமீட்டர் (சுழல் வேகம் அளக்கும் கருவி). 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். நிமிடத்துக்கு 2.5 சுற்று முதல் 99,999 வரை காட்டும். 1000-க்குக் கீழே 0.1 வரை துல்லியமாகப் படிக்கலாம். கையேடு சொல்லும் பிழை 0.05 சதவீதமும் கடைசி இலக்கத்தில் ஒன்றும். லேத்துக்கு இவ்வளவு துல்லியம் தேவையே இல்லை. 50 முதல் 500 மி.மீ. தூரத்தில் நின்று அளக்கலாம் என்பதுதான் நமக்குப் பெரிய வசதி, ஏனென்றால் வேலைத்துண்டைப் பிடித்துக்கொண்டு சுற்றும் சக்கிலிருந்து கை தள்ளியே இருக்கும்.

பட்டுத் திரும்பி வரும் ஒளியைக் கருவி சரியாகத்தான் எண்ணும். எதை எண்ண வைக்கிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது. மினுமினுக்கும் மூன்று ஜா (பிடிக்கும் தாடை) சக்கின் முகத்தில் லேசரை அடித்தால் ஒவ்வொரு ஜாவும் ஒரு முறை ஒளியைத் திருப்பும். 360 சுற்று ஓடும் ஸ்பிண்டில் 1080 என்று காட்டும். அதனால் சக்கை விட்டுவிட்டு, ஸ்பிண்டிலின் பின் முனையையோ புல்லியின் பக்கவாட்டையோ பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெயைத் தின்னர் போட்டு நன்றாகத் துடைத்து, பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அல்லது கறுப்பு டேப் கொடுத்து, அதன்மேல் சுமார் 12 மி.மீ. சதுரமாக வெட்டிய பிரதிபலிப்பு டேப் ஒன்றே ஒன்று ஒட்டுங்கள். லேசரை நேர் எதிரே பிடிக்காமல் சற்றே சாய்த்துப் பிடித்தால், வெறும் உலோகத்தின் பளபளப்பு திரும்பி வராது. டேப்பின் ஒளி மட்டும் வரும். கருவியோடு வரும் டேப்பின் பசை எண்ணெய்ப் பிசுக்கில் நிற்காது. ஓட்டும் முன் விரல் நகத்தால் ஓரங்களை அழுத்திவிடுங்கள்.

இன்னொரு பொறி, தலைக்கு மேல் எரியும் விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். அதை வாங்கிக்கொண்டு கருவி 6000 என்று காட்டலாம். 60 ஹெர்ட்ஸ் என்றால் 7200. இந்த எண்களைப் பார்த்தால் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி அளக்கவும். இதையே நன்மைக்கும் பயன்படுத்தலாம்: கருவியை அந்த விளக்கை நோக்கிப் பிடித்து 6000-ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்தால், கருவி சரியாக இருக்கிறதா என்பதற்குச் சுமாரான சோதனை ஆகிவிடும்.

இனி அளவை எதோடு ஒப்பிடுவது? தகட்டை மறந்துவிட்டு, கணக்குப் போட வேண்டும். மோட்டார் 1440, மோட்டார் புல்லி 60 மி.மீ., கவுண்டர் ஷாஃப்ட் (மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையே உள்ள தண்டு) புல்லி 240 மி.மீ. என்றால் கவுண்டர் ஷாஃப்ட் 360 சுற்று. அங்கிருந்து தட்டைப் பெல்ட் ஓடும், இரு தண்டிலும் எதிரெதிராக வைத்த ஸ்டெப் புல்லிகள் (படிப்படியாக விட்டம் மாறுபவை) 75, 112, 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நேர்க் கணக்கில் ஸ்பிண்டில் வேகங்கள் 180, 360, 720. ஆனால் பெல்ட்டின் நடுக்கோடுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒவ்வொரு விட்டத்தோடும் பெல்ட் தடிமனைக் கூட்ட வேண்டும். 5 மி.மீ. பெல்ட்டுக்கு 75 என்பது 80, 150 என்பது 155. உண்மை வேகங்கள் ஏறக்குறைய 186, 360, 697.

பலர் குழம்பும் இடம் இதுதான். 720 வரவேண்டிய இடத்தில் 697 வந்ததும் பெல்ட் வழுக்குகிறது என்று முடிவுகட்டி, பெல்ட்டை இழுத்துப் பிடித்து, புஷ்ஷுக்கு வீண் சுமை ஏற்றுகிறார்கள். வழுக்கல் என்றால் எல்லாப் படியிலும் வேகம் குறையும். தடிமனால் வரும் வேறுபாடு வேகமான படியில் குறைவாகவும், மெதுவான படியில் கூடுதலாகவும் தெரியும். மூன்று படியையும் அளந்து எழுதிவைத்தாலே எது எது என்று புரிந்துவிடும். வி-பெல்ட் என்றால் தடிமனைக் கூட்டாதீர்கள். புல்லியின் வெளி விட்டத்தை விடப் பெல்ட் சற்று உள்ளேதான் ஓடுகிறது, அந்தப் பிட்ச் விட்டத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

சுமையில்லாமல் ஓடும்போது இந்த வகை நான்கு துருவ மோட்டார் 1490-ஐ நெருங்கிச் சுற்றும். 1440 என்பது முழுச் சுமையில் வரும் எண். அதனால் வெறும் ஓட்டத்தில் அளவு கணக்கை விட 3 சதவீதம் கூடினால் கவலை வேண்டாம். ஆழமான வெட்டு கொடுத்துக்கொண்டே ஸ்பிண்டிலையும் கவுண்டர் ஷாஃப்டையும் அளந்து, இரண்டின் விகிதத்தைப் பாருங்கள். விகிதம் வெறும் ஓட்டத்தில் இருந்ததை விட 1, 2 சதவீதம் இறங்கினால் இயல்பு. அதற்கு மேல் போனால் பெல்ட் எண்ணெய் குடித்திருக்கும், அல்லது புல்லியில் பெயிண்ட் அடித்திருப்பார்கள். புல்லியின் பெல்ட் ஓடும் பரப்பில் பெயிண்ட் கூடவே கூடாது.

வேகத்தை இன்னும் குறைக்கும் பல்சக்கரத் தொகுதியான பேக் கியரில் வழுக்கலுக்கு இடமே இல்லை. கோன் புல்லியின் (ஸ்பிண்டில்மேல் உள்ள ஸ்டெப் புல்லி) பல்சக்கரம் 25 பல், அதோடு சேரும் சக்கரம் 60, மறுபக்கம் 25, ஸ்பிண்டில் சக்கரம் 60 என்றால் குறைப்பு 5.76. கோன் புல்லியை அளந்து, ஸ்பிண்டிலையும் அளந்து வகுத்தால் அதே எண் வந்தாக வேண்டும். வராவிட்டால் யாரோ ஒரு காலத்தில் வேறு லேத்தின் சக்கரத்தைப் போட்டிருக்கிறார்கள். பல்லை எண்ணிப் பாருங்கள். பேக் கியரைச் சேர்க்கும் முன் கோன் புல்லியையும் ஸ்பிண்டில் சக்கரத்தையும் பூட்டும் முளையை எடுத்துவிட்டு, கையால் ஒரு சுற்று சுற்றிய பிறகே சுவிட்சைத் தொடவும். எடுக்க மறந்தால் ஸ்பிண்டில் இறுகிப் பல் உடையும்.

இந்த இடத்தில் கருவியின் குறையும் தெரிகிறது. மெதுவான 186 படியில் பேக் கியர் போட்டால் வரும் 32 சுற்றில் ஒரு சுற்றுக்கே இரண்டு நொடி ஆவதால், திரை மெதுவாகத்தான் மாறும். பொத்தானை எட்டு, பத்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சம இடைவெளியில் நான்கு டேப் ஒட்டி, வரும் எண்ணை நான்கால் வகுப்பது எளிது. நினைவகத்தில் கடைசி, அதிக, குறைந்த அளவுகள் சேமிப்பாகும். ஒரு தவறான பிரதிபலிப்பு அதிக அளவைக் கெடுத்துவிடும் என்பதால் கடைசி அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை உலோகம் அல்லது வெண்கலப் புஷ் உள்ள லேத்தில், முதல் அளவையே உச்ச வேகத்தில் எடுக்காதீர்கள். மெதுவான படியில் கால் மணி நேரம் ஓட்டி, புஷ் மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இடைவெளி குறைவு அல்லது எண்ணெய் போகவில்லை. திரி வழி எண்ணெய் ஏறும் சின்ன லேத்துகளுக்கு ஐ.எஸ்.ஓ. பாகுநிலை எண் 22 போன்ற மெல்லிய ஸ்பிண்டில் எண்ணெய்தான் சரி. தடித்த எஞ்சின் ஆயில் திரியில் எளிதில் ஏறாது.

ஒரு லேத்தைச் சீர்செய்ய இந்தக் கருவி போதும், வாங்கலாம். பல இயந்திரங்களைப் பார்ப்பவர்கள், ரப்பர் முனையும் சிறு சக்கரமும் சேர்ந்த இரட்டை வகையை எடுப்பது நல்லது: சக்கரத்தைப் பெல்ட்டின் முதுகில் வைத்து நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று நேரே படிக்கலாம். எதை வாங்கினாலும், அலமாரியில் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். லேசரை யார் கண்ணிலும் படவிடாதீர்கள், பளபளக்கும் சக்கில் பட்டுத் திரும்பும் ஒளியும் அதில் அடங்கும்.