பேய்ப் படத்துக்கு எந்த பீர்: ஸ்டவுட்டா, பில்ஸ்னரா, ஐபிஏவா?

அக்டோபர் வந்துவிட்டால் அமெரிக்க பீர்க் கடைகளின் அலமாரி முழுக்க மண்டை ஓடும் எலும்புக்கூடும்தான். லேபிளில் பேய் இருந்தால் பேய்ப் படத்துக்குப் பொருந்தும் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறைய. ஒரேகானிலிருந்து வந்த 'டெட் கை ஏல்' இதற்கு நல்ல உதாரணம். லேபிளில் பீப்பாய் மேல் உட்கார்ந்திருக்கும் எலும்புக்கூடு. உள்ளே ஜெர்மன் மைபாக் பாணியில் மால்ட் (முளைகட்டிய பார்லி) தூக்கலான, யாரையும் பயமுறுத்தத் தெரியாத பீர். குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதை எடுத்து எந்தப் பேய்ப் படத்தோடு வைத்தாலும் ஒட்டாது.

பேய்ப் படத்தின் பெரிய எதிரி பாஸ் (pause) பட்டன். ஒரு லிட்டர் லாகர் (லேசான, தெளிந்த பீர்; பில்ஸ்னரும் இதில் ஒரு வகை) உள்ளே போனால் இரண்டு தடவையாவது எழுந்து போக வேண்டிவரும். இயக்குநர் இருபது நிமிடம் பாடுபட்டுக் கட்டிய பயம் ஃபிளஷ் சத்தத்தோடு போய்விடும். அதனால் லேபிளைப் பார்ப்பதற்கு முன்னால் படம் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அடுத்து, அந்த நேரத்தில் கிளாஸில் இருக்கும் பீர் சூடேறினால் நல்லதாகுமா, கெட்டுப்போகுமா என்று பாருங்கள். பாதிப் போட்டி இங்கேயே முடிந்துவிடும்.

நீளப் படம்: இம்பீரியல் ஸ்டவுட் எதிர் பில்ஸ்னர்

'தி ஷைனிங்' (1980) அமெரிக்கப் பதிப்பு 144 நிமிடம். ஐரோப்பாவில் வந்தது 119 நிமிடம். வாங்குவதற்கு முன் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள், பீர்க் கணக்கு மாறும். குடியை விட்ட ஒருவன் காலியான பாரில் உட்கார, எதிரே பாட்டில்கள் நிறைந்து நிற்கும் படம் இது. இதை அவசரமாகக் குடித்துக்கொண்டே பார்க்க முடியாது.

ஒரு பக்கம் 'பில்ஸ்னர் உர்க்வெல்'. 1842-லிருந்து செக் நாட்டின் பில்சென் நகரில் காய்ச்சப்படுகிறது, ஆல்கஹால் 4.4 சதவீதம். மறுபக்கம் கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக்கில் நார்த் கோஸ்ட் ஆலை காய்ச்சும் 'ஓல்ட் ரஸ்புடின்', கறுப்பான, வலுவான இம்பீரியல் ஸ்டவுட், 9 சதவீதம், 355 மில்லி பாட்டில். 'ஒன்பது சதவீதமா, வேண்டாமப்பா' என்று பலரும் பில்ஸ்னர் பக்கம் போய்விடுவார்கள். கணக்குப் போட்டால் கதை வேறு. ஒரு ஸ்டவுட் பாட்டிலில் இருக்கும் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 25 கிராம். இரண்டரை மணி நேரத்தை ஓட்ட இரண்டு அரை லிட்டர் பில்ஸ்னர் தேவைப்பட்டால் அது 35 கிராம். கூடவே ஒரு லிட்டர் திரவமும். ஒரே பில்ஸ்னரை இழுத்து இழுத்துக் குடிக்கலாமே என்றால், அது நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்காது. பில்ஸ்னரின் உயிர் 5 முதல் 7 டிகிரி குளிரிலும் வாயுவிலும் இருக்கிறது. வெதுவெதுப்பானால் வாயு போய், கசப்பு மட்டும் நாக்கில் தனியாக நிற்கும்.

ஸ்டவுட் நேர் எதிர். ஃப்ரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் எடுத்த உடனே ஊற்றினால் கருகல் கசப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. 12 டிகிரிக்கு வரும்போதுதான் காபி, உலர்ந்த அத்திப்பழம், கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். படம் தொடங்க அரை மணி முன்னால் பாட்டிலை வெளியே வையுங்கள். சென்னை வெயிலில் கால் மணி போதும். சின்ன கிளாஸில் 120 மில்லி மட்டும் ஊற்றி, மிச்சத்தை ஒரு மணி நேரம் கழித்து ஊற்றுங்கள். இரண்டாவது ஊற்று முதலாவதைவிட நன்றாக இருக்கும். இங்கே ஸ்டவுட்டுக்கே வெற்றி.

இதில் சாக்லேட் மணம் வருவதற்கு உள்ளே சாக்லேட் கிடையாது, வறுத்த பார்லிதான் காரணம். 'சைக்கோ' (1960) ஷவர் காட்சியில் ஓடிய ரத்தமோ உண்மையான சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. 109 நிமிடப் படம்தான், ஆனாலும் அதற்கும் ஸ்டவுட்டையே எடுப்போம்.

கலிஃபோர்னியா பாட்டில் எல்லா ஊரிலும் கிடைக்காது. இலங்கையின் 'லயன் ஸ்டவுட்' 8.8 சதவீதம், அதே கறுப்பு, இனிப்பு கொஞ்சம் தூக்கல். கிராஃப்ட் பீர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்; கம்பெனி பெரியது. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் பல கிராஃப்ட் ஸ்டவுட்டுகள் அதன் முன்னால் வெட்கப்படும்.

திடுக் திடுக் படம்: ஐபிஏ எதிர் பில்ஸ்னர்

'ஹாலோவீன்' (1978) 91 நிமிடம். கத்தியோடு ஒருவன், ஒரு தெரு, ஒரு இரவு. இந்த நீளத்துக்கு அரை லிட்டர் பீர் சரியாக வரும், பாஸ் பட்டன் தேவைப்படாது. இங்கே ஸ்டவுட்டைக் கொண்டுவந்தால் படம் முடிந்த பிறகும் பாதி பாட்டில் மிச்சம் இருக்கும்.

ஐபிஏ என்றால் இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கலான பீர். அதில் மங்கலான, பழச்சாறு மாதிரியான ஹேஸி ஐபிஏ 473 மில்லி கேனில், 6.5 சதவீதம் வாக்கில் வரும். முதல் நூறு மில்லி அமர்க்களம்: மாம்பழம், ஆரஞ்சுத் தோல் என்று மூக்குக்கே விருந்து. பிரச்சினை அதற்கப்புறம். ஹாப்ஸ் துகள் தொண்டையில் படிந்து மெல்லிய காந்தலை விடும். ஒவ்வொரு வாய்க்கும் அது கூடிக்கொண்டே போகும். பக்கத்துத் தட்டில் காரமான மிக்சர் இருந்தால் சோலி முடிந்தது. காரமும் ஹாப்ஸ் கசப்பும் ஆல்கஹால் சூடும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும். உப்பு அப்படியில்லை, கசப்பை அடக்கும். ஆகவே ஐபிஏதான் வேண்டும் என்றால் உப்பு பாப்கார்ன் போதும். முறுக்கோ காரச்சேவோ இருந்தே தீரவேண்டும் என்றால் பில்ஸ்னருக்கு மாறுங்கள்.

இன்னொன்று: ஐபிஏவை வாங்கும்போது கேனின் அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் தாண்டியிருந்தால் மாம்பழம் போய் ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்திருக்கும். கடைக்காரர் தள்ளுபடி என்று நீட்டினாலும் வேண்டாம்.

இந்தச் சண்டையில் எங்கள் ஓட்டு பில்ஸ்னருக்கு, ஒரு நிபந்தனையோடு. முழுதாக ஊற்றிவிடாதீர்கள், 200 மில்லி ஊற்றி மிச்சத்தை ஐஸ் வாளியில் வையுங்கள். பாப்கார்ன் எண்ணெய் உதட்டில் பட்டு கிளாஸில் இறங்கினால் நுரை நொடியில் அடங்கிவிடும். நுரையே வராமல் கிளாஸ் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் பீரைத் திட்டாதீர்கள், கிளாஸில் சோப்போ எண்ணெயோ மிச்சம் இருக்கிறது.

'ஜாஸ்' (1975) பற்றித் தனியாக அலச ஒன்றுமில்லை. படத்திலேயே சுறா வேட்டைக்காரர் க்வின்ட் 'நாரகன்செட்' லாகர் கேனைக் குடித்து நசுக்கிப் போடுகிறார். ரோட் ஐலண்ட் பீர். ஏதாவது ஒரு லேசான லாகரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பிசாசு: டூவெல் எதிர் ஓர்வல்

'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) 122 நிமிடம். படுக்கையறை செட்டையே குளிரூட்டி உறையவைத்துத்தான் எடுத்தார்கள். நடிகர்களின் மூச்சுக்காற்று புகையாகத் தெரிவது நிஜம். பெல்ஜியத்தில் 'டூவெல்' என்றால் ஃபிளெமிஷ் வட்டார வழக்கில் பிசாசு. முதல் உலகப் போர் முடிந்த மகிழ்ச்சியில் இந்த பீருக்கு 'விக்டரி ஏல்' என்று வைத்த பெயர் 1923-ல் இப்படி மாறியது. பெயரைப் பார்த்து வாங்காதே என்று மேலே சொன்னோம், இது ஒரு விதிவிலக்கு போலத் தோன்றும். 8.5 சதவீதம் என்பது வாயில் தெரியவே தெரியாது. லாகர் மாதிரி இறங்கும், அரை மணி கழித்து வேலையைக் காட்டும். பிசாசுக்கு ஏற்ற குணம்தான்.

சிக்கல் ஊற்றுவதில். பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்த பீர் இது. வாயு அதிகம், அடியில் ஈஸ்ட் வண்டல். 330 மில்லியும் நுரையும் அடங்குகிற டூலிப் கிளாஸ் வேண்டும். சாய்த்து ஒரே ஓட்டமாக ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இதைச் செய்தால் சோபாதான் பீர் குடிக்கும்.

ஓர்வல் 6.2 சதவீதம், டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் காய்ச்சுவது. பாட்டிலில் சேர்க்கும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட் மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். புதிதாக இருக்கும்போது ஹாப்ஸ் மணம். ஆறு மாதம் போனால் தோல், வைக்கோல், பழைய மாட்டுக்கொட்டகை. நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறோம். பாதிரியார்கள் வரும் படத்துக்கு மடத்து பீர் என்பது வேடிக்கையான பொருத்தம், ஆனால் அதற்காக அல்ல, இரண்டு மணி நேரமும் ஒரே மாதிரி நிற்காமல் சுவை மாறிக்கொண்டே வருவதால் ஓர்வலை எடுப்போம். டூவெலை இருவர் பங்கிடுவதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வெளிச்சம் பட்டால் சாகிறவை

'நோஸ்ஃபெராட்டு' (1922) மௌனப் படம். சூரிய ஒளி பட்டு ரத்தக்காட்டேரி சாவது என்ற வழக்கம் இந்தப் படத்தில்தான் பிறந்தது. பீரும் அதே சாதி. ஹாப்ஸ் கசப்பில் வெளிச்சம் பட்டால் உடைந்து, ஸ்கங்க் என்ற பிராணி பீச்சும் நாற்றத்துக்கு நெருங்கிய உறவான கந்தகச் சேர்மம் உருவாகும். பச்சை பாட்டிலும் நிறமில்லாத பாட்டிலும் இதைத் தடுக்காது. பழுப்பு பாட்டில் பெருமளவு தடுக்கும், கேன் முழுசாகத் தடுக்கும். கடையின் கண்ணாடி ஜன்னலோரம் வெயிலில் நிற்கும் பச்சை பாட்டிலை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இந்தப் படத்துக்கு பிரஸ்ஸல்ஸின் கான்டியோன் ஆலை காய்ச்சும் கியூஸ் என்ற புளிப்பு பீர். ஈஸ்ட் சேர்க்காமல், கொதித்த சாற்றை இரவெல்லாம் திறந்த தொட்டியில் ஆறவைத்து, காற்றில் வரும் நுண்ணுயிரிகளையே நொதிக்கவிடுகிறார்கள். ஒரு வருடம், இரண்டு, மூன்று வருடம் பீப்பாயில் கிடந்ததைக் கலந்தால் கியூஸ். அங்கே சிலந்தி வலைகளைத் துடைப்பதில்லை. பழ ஈக்களைச் சிலந்திகள் பிடிக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். காட்டேரியின் கோட்டைக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே? 750 மில்லி பாட்டில் மூன்று பேருக்குச் சரி. புளிப்பு பழகாதவர்களுக்கு முதல் வாயிலேயே முகம் கோணும், தனி லாகர் ஒன்றைத் தயாராக வையுங்கள்.

'தி விக்கர் மேன்' (1973) பார்க்கிறவர்கள் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ஷ்லெங்கெர்லா ரவுக்பியரைத் தேடுங்கள்: 5.1 சதவீதம், பீச் மர விறகில் புகையூட்டிய மால்ட். முதல் மூன்று வாய் புகைத்த பன்றி இறைச்சியைக் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கும். நாக்கு பழகிய பிறகுதான் அடியிலிருக்கும் மால்ட் தெரியும். படத்தின் முடிவு தெரிந்தவர்களுக்குப் புகை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

பனிக்கும் மௌனத்துக்கும்

'தி திங்' (1982) அன்டார்க்டிக் பனி, ஒரு விஸ்கி கிளாஸ், ஒரு செஸ் கம்ப்யூட்டர். பீப்பாயில் ஊறிய ஸ்டவுட்தான் இதற்கு. போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியைப் புதுசாகக் கரித்த ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம், அதனால் பழைய பீப்பாய்கள் பீர்க்காரர்களுக்கு வந்து சேர்கின்றன. 14 சதவீதத்தில் 500 மில்லி என்றால் 55 கிராம் ஆல்கஹால். நான்கு பேருக்கு ஒரு பாட்டில், கூட ஒன்று வேண்டாம்.

'எ குவயட் பிளேஸ்' (2018) வேறு தினுசுச் சிக்கல். 90 நிமிடத்தில் பெரும்பாலும் யாரும் வாய் திறக்காத படம். அதில் 'ப்ஸ்ஸ்' என்று கேன் திறந்தால் அறை முழுக்க முறைக்கும். சத்தமில்லாமல் திறக்க வழியில்லை. முதலிலேயே ஊற்றியாக வேண்டும். முதலிலேயே ஊற்றினால் பில்ஸ்னர் நாற்பது நிமிடத்தில் செத்துப்போகும். கின்னஸ் போன்ற நைட்ரஜன் ஸ்டவுட், 4.2 சதவீதம், இங்கே தூக்கியடிக்கும். குமிழி பொடியாக இருப்பதால் நுரை கிளாஸோடு நெடுநேரம் நிற்கும். ஆரம்பத்திலேயே கரியமில வாயு குறைவு என்பதால் போவதற்கும் அதிகமில்லை. நைட்ரோ கேன் மற்ற கேன்களைவிடச் சத்தமாகச் சீறும் என்பதால் சமையலறையில் திறந்து, நுரை மேலே ஏறி அடங்கும்வரை இரண்டு நிமிடம் அங்கேயே விட்டுவைத்து, பிறகு எடுத்துவாருங்கள். கொறிக்க மிக்சர், சிப்ஸ் எதுவும் வேண்டாம். மென்மையான சீஸ், பேரீச்சம்பழம், வெண்ணெய் தடவிய பன்.